நாஃபியான் 117 வாங்கலாமா?

நாலு வருஷமாக ஃப்யூயல் செல் மெம்ப்ரேனோடு, அதாவது எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலத்தில் ப்ரோட்டானை மட்டும் கடத்தும் மெல்லிய பாலிமர் தாளோடு, மல்லுக்கட்டும் ரிசர்ச் ஸ்காலர் நான். நாஃபியான் அப்படி ஒரு தாள்; 117, 212 எல்லாம் அதன் ரகங்கள். "117 வாங்கட்டுமா, 212 வாங்கட்டுமா அக்கா?" என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே சிலிக்கா வளர்த்து, சூடு தாங்கும் ஹைப்ரிட் செய்யப் போகிறீர்கள் என்றால் 117தான்.

பெயரிலேயே விவரம் இருக்கிறது. முன்னால் உள்ள 11, ஈக்விவலென்ட் வெயிட் 1100, அதாவது ஒரு மோல் அமிலத்துக்கு 1100 கிராம் பாலிமர். கடைசி 7, அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு தடிமன், சுமார் 180 மைக்ரான். 212 வெறும் 51 மைக்ரான். நனைந்ததும் ஃபோர்செப்ஸில் தூக்கினால் பாலாடை மாதிரி சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாளோடு வரும். அதில் ஒன்றை உரிக்க மறந்து இம்பீடன்ஸ் (கடத்தலை அளக்கும் சோதனை) ஓட்டிவிட்டு, "ப்ரோட்டான் நகரவே இல்லை சார்" என்று கைடு முன்னால் போய் நின்றவள் நான்.

117ஐ அப்படியே பயன்படுத்தாதீர்கள். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 80 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு டிஐ வாட்டர் (அயனி நீக்கிய தண்ணீர்), நீர்த்த கந்தக அமிலம், மறுபடி டிஐ வாட்டர். பழுப்பேறிய தாள் கண்ணாடியாகத் தெளியும். 5 செ.மீ. துண்டு ஐந்தரையைத் தாண்டும். அதனால் ஹோல்டருக்கு அளவெடுத்து வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரம் இருக்கும்வரை ப்ரோட்டானை நன்றாகவே கடத்தும். 80 டிகிரி தாண்டினால் காயத் தொடங்கும். ப்ரோட்டான் சவாரி செய்வதே தண்ணீரில்தானே! அங்கேதான் சிலிக்கா உதவுகிறது. ஊறிய தாளை மெத்தனாலும் தண்ணீரும் கலந்ததில் போட்டு டிஇஓஎஸ் (சிலிக்காவாக மாறும் திரவம்) சேர்த்தால் போதும். தாளிலுள்ள சல்ஃபோனிக் அமிலமே வினையூக்கி, தனியாக அமிலம் ஊற்ற வேண்டாம். உள்ளேயே சிலிக்கா வளர்ந்து தண்ணீரைப் பிடித்துவைக்கும். பேராசையில் ஒருமுறை ரொம்ப நேரம் ஊறவிட்டேன். மேலெல்லாம் வெள்ளைப் படிவு, ஓவனில் காய்ந்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அளவோடு விட்ட தாள், ஈரக்காற்றில் 110 டிகிரியில், வெறும் 117 படுத்த பிறகும் ஓடியது.

160 டிகிரி வேண்டுமென்றால் இதை மறந்துவிட்டு, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறிய பிபிஐ (பாலிபென்சிமிடசோல் என்ற வேறொரு பாலிமர்) பக்கம் போங்கள்.

விலை கடிக்கும். எங்களுக்கு ஏஜென்சி சுருட்டி அனுப்பியதில் குறுக்கே ஒரு மடிப்பு, அந்த இடம் எதற்கும் ஆகவில்லை. ஆர்டரிலேயே 'தட்டையாக அனுப்பவும்' என்று எழுதிவிடுங்கள். வெட்டி மிஞ்சிய ஓரத்தை எறியாதீர்கள், வாட்டர் அப்டேக் (எவ்வளவு தண்ணீர் உறிஞ்சுகிறது என்று) பார்க்க ஆகும்.