கோவளத்தில் நத்தார்: வாடகை வீடும் சர்ஃப் வகுப்பும்

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் கோவளத்தைப் பற்றி எழுதுகிறேன். கேரளத்துக் கோவளம் வேறு. 2024 நத்தாருக்கு இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து நான், கணவர், மகள், அம்மா என்று நான்கு பேர் போனோம். நீலகிரியில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து சின்னம்மாவும் அவருடைய மகன் குடும்பமும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்து ஆட்களில் நிறையப் பேரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி சின்னம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறிய பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒரே வீட்டில் நத்தார் கொண்டாடியதே இல்லை. ஹோட்டல் ரூம் இதற்குச் சரிவராது, அடுப்படியோடு ஒரு வீடுதான் வேண்டும் என்று தேடினோம். மலையகத்தில் அக்கரையில் சொந்தம் இல்லாத குடும்பம் குறைவு என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

வீடு மீனவர் தெருக்களுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கீழே வீட்டுக்கார அம்மா. மேலே நமக்கு இரண்டு ரூம், அடுப்படி, மொட்டைமாடி. ஒரு இரவுக்கு 6,000 இந்திய ரூபாய். நத்தாரும் பள்ளிக்கூட அரையாண்டு லீவும் சேர்ந்து வருகிற வாரம் அது. பாதிச் சென்னை அந்த ரோட்டில்தான் இருக்கும். அதைப் பார்த்தால் விலை நியாயம். ஆனால் படத்தில் காட்டிய ‘கடல் தெரியும் மாடி’ உண்மை இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்தால் ஒரு கீற்று தெரியும், அவ்வளவுதான். குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீரை நாமே வாங்க வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மாடிப்படியும் செங்குத்து. அம்மாவுக்கு முழங்கால் வலி. முதல் நாள் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் வீட்டுக்கார அம்மா தன்னுடைய முன்னறையைக் காலி செய்து அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் கொடுத்துவிட்டார். அதற்கென்று ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கவில்லை. தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் யார் இருந்தார்கள், யார் அக்கரைக்குப் போனார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று இரண்டு பேரும் அந்த அறையில் விடிய விடியப் பேசினார்கள். இதற்காகவே அந்த வீட்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் நல்லபடியாகத்தான் சொல்வேன்.

அடுப்படியில் குறை இல்லை. பெரிய சட்டிகள், தேங்காய் துருவி, கேஸ் அடுப்பு எல்லாம் இருந்தன. நான் கொண்டுபோனது எங்கள் டிம்புள பக்கத்து பி.ஓ.பி.எஃப். என்ற பொடி ரகத் தேயிலை. சின்னம்மா கொண்டுவந்தது கோத்தகிரி சி.டி.சி., குருணை குருணையாக இருக்கும் தூள். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில்தான் அவர் ஓய்வு பெறும்வரை கொழுந்து எடுத்தார். குழாய்த் தண்ணீரில் இரண்டு தேயிலையுமே எடுபடவில்லை. கேன் வந்த பிறகு மறுபடி ஊற்றினோம். பால் தேத்தண்ணிக்கு அவருடையது நன்றாக நின்றது; பால் இல்லாத பிளேன்டிக்கு நம்முடையதை அடிக்க முடியாது. சின்னம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். ஹட்டனில் செய்து கொண்டுபோன நத்தார் கேக்கை வீட்டுக்கார அம்மாவுக்குக் கொடுத்தோம். ரவை, முந்திரி, சீனிப்பாகில் ஊறிய பூசணி எல்லாம் போட்ட நம் ஊர்க் கேக்தான். ஒரு துண்டை மென்றுவிட்டு, “இதில் மைதாவே இல்லையா?” என்று ஆச்சரியப்பட்டார். மறுநாள் ஒரு சட்டி வஞ்சிர மீன் குழம்பு மேலே வந்தது.

இனி சர்ஃப் வகுப்பு. எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதற்காகத்தான். கோவளத்தை அலைச்சறுக்கு ஊராக்கியதில் பெரிய பங்கு மூர்த்தி மேகவன் என்ற உள்ளூர் மீனவருக்கு உண்டு. நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த கிரிக்கெட் வீரர் ஜொன்டி ரோட்ஸ்கூட இங்கே நடந்த சர்ஃப் விழாவுக்கு வந்து போயிருக்கிறார். இப்போது கரையில் பல பள்ளிகள் இருக்கின்றன, கற்றுக்கொடுப்பவர்களில் நிறையப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நாங்கள் போன இடத்தில் ஒரு ஆளுக்கு, ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய். போர்டும் சட்டையும் அதிலேயே அடக்கம்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்ந்தவள், இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. வகுப்பு எடுத்த தம்பி போர்டைக் கையில் கொடுக்கவே இல்லை. “பாப்பா, முதல்ல கடலைப் பாரு” என்றார். அலை எங்கே உடைகிறது, நுரை எங்கே இல்லை என்று அவளையே சொல்ல வைத்தார். நுரை இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் உள்ளே திரும்பிப் போகிறது, அங்கேதான் இழுக்கும். இழுத்துவிட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதே, பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வா, முடியாவிட்டால் போர்டை விடாமல் கையைத் தூக்கு. இவ்வளவையும் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார். அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். எங்கள் தென்கரையில் ஒரு பள்ளியில் இதே பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்ற பிள்ளை அவள். உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயத்தைப் பிள்ளை தன் பாஷையில் கேட்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போது துளியும் சந்தேகம் இல்லை.

பிறகு மணலில் ஒரு போர்டு அளவுக்குக் கோடு போட்டு, அதில் குப்புறப் படுக்க வைத்து எழும்பப் பழக்கினார். எந்தக் கால் முன்னே வரும் என்று பார்க்கப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினார். தண்ணீரில் ஒன்பதடி நுரைப் போர்டு. வால் பக்கத்தை அவர் பிடித்துக்கொண்டு, அலை உடைந்து நுரையாக வரும்போது தள்ளிவிடுவார். “காலைப் பாக்காத, தென்னை மரத்தைப் பாரு!” முதலில் விழுந்தாள், அப்புறம் முழங்காலில் நின்றாள், அப்புறம் உண்மையாகவே எழும்பிக் கரை வரைக்கும் வந்தாள். என் கணவர் மணலில் நின்று கத்திய கத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒழுங்கான இடம் இல்லை, ஒரு தடுப்புத் துணிதான். கொடுத்த சட்டை முந்தின வகுப்பின் ஈரத்தோடு இருந்தது. டிசம்பரில் வாடைக் காற்று பலமாக அடிக்கும், கடல் கலங்கித்தான் இருக்கும். ஒருநாள் அலை சரியில்லை என்று வகுப்பையே நிறுத்தினார்கள், காசை மறுநாளுக்குக் கழித்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, நம்பிக்கைதான் கூடியது.

நள்ளிரவுப் பூசை கார்மேல் மாதா கோவிலில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டியது. வீட்டிலிருந்து நடை தூரம், அம்மாவே நடந்து வந்தார். தெருவெல்லாம் காகித நட்சத்திரம். கூட்டத்தில் உட்கார இடம் வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். நம் ஊரில் கம்பளிச் சட்டையோடு பார்க்கிற பூசையை வேர்க்க வேர்க்கப் பார்த்தது மகளுக்குப் பெரிய அதிசயம்.

26ஆம் தேதி காலையில் வகுப்பு கிடையாது. அன்று சுனாமி வந்து 20 வருடம். கரையில் பூத்தூவிப் பாலை ஊற்றினார்கள். நாங்களும் போய் நின்றோம், இலங்கையில் 9.25க்கு மௌனம் காப்பது போல அங்கேயும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. முந்தின நாள் மகளைத் தள்ளிவிட்ட தம்பியும் அங்கே இருந்தார். நத்தாருக்கு மறுநாள் அங்கே இருப்பவர்கள் அன்று விளையாட்டையும் பாட்டையும் தள்ளி வையுங்கள்.

வயதானவர்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போக நீலக் கொடிக் கடற்கரைப் பகுதி நல்லது. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குக் கொடுக்கிற அந்தச் சர்வதேசச் சான்று 2021ல் கிடைத்த இடம். கழிப்பறை, நடைபாதை, உட்கார நிழல் எல்லாம் உண்டு. அம்மாவும் சின்னம்மாவும் சாயங்காலம் அங்கேதான்.

வீட்டுக்கு ஐந்தில் மூன்றரை, வகுப்புக்கு நாலரை கொடுப்பேன். வீடு எடுப்பவர்கள் கீழ் அறையையும் தண்ணீரையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு விடியற்காலை நேரத்தையே கேளுங்கள், காற்று எழும்புவதற்கு முன்னால் முடித்துவிடலாம். நீலகிரியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. அதற்கு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறார்கள், அந்த வாரத்து டிக்கெட்டைத் திறந்த அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.