கோவையில் ஒரு நாள்: பழைய கார்களா, மலை ரயிலா?

பழைய வண்டிகள் என்றால் உயிரை விடும் பிள்ளைகளோடு கோவைக்கு வருபவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அவிநாசி சாலையில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகம். இன்னொன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி மலை ரயில். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கார் அருங்காட்சியகம் 2015-ல் திறந்தது. 1886-ம் ஆண்டு பென்ஸ் வண்டியின் மாதிரி ஒன்று அங்கே உண்டு. மூன்று சக்கரம், ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு கைப்பிடி, இருக்கைக்குப் பின்னால் படுக்கைவாட்டில் பெரிய இரும்புச் சக்கரம். ‘ஜீடி’ என்ற பெயருக்குரிய கோவைத் தொழில்மேதை ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய கதையைத் தாத்தாக்கள் பேரன்களுக்குச் சொல்லத் தோதான இடம். வெயில், மழைத் தொல்லை இல்லை. ஆனால் நாள் முழுக்க ஓடாது. ‘தொடாதே, தொடாதே’ என்று சொல்லியே வாய் வலித்துவிடும்.

மலை ரயிலில் அந்தத் தொல்லையே இல்லை, நாமே வண்டிக்குள் இருக்கிறோம். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்த பாதை இது. கல்லார் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்கும். நீராவி எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால் சும்மாவா? எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். அதனால் முதல் பெட்டிக்காரர்களுக்குப் புகை இல்லாமல் காடு தெரியும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் போடுபவர் ஒருவர் நிற்பார், கொடியை எப்போது அசைப்பார் என்று பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.

சிரமமும் இருக்கிறது. காலை ஏழு மணி வாக்கில் வண்டி கிளம்பிவிடும். ஊட்டி போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம், பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து வண்டி ரத்தாவதும் வழக்கம்.

என் ஓட்டு ரயிலுக்கே, அதுவும் குன்னூர் வரைக்கும்தான். அதற்கு மேல் டீசல் எஞ்சின், குன்னூரிலிருந்து பேருந்தில் கீழே இறங்கிவிடலாம். மூட்டு வலிக்காரரோ கைக்குழந்தையோ கூட வந்தால் சரி, கார்கள். டிக்கெட்டைப் பல வாரம் முன்பே போட்டுவிடுங்கள், விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் கிடைப்பது குதிரைக்கொம்பு.