விழுங்கும் ஓசைக்குக் காதைப் பழக்குவது: மூன்று வழிகளும் ஒரு குறுக்குவழியும்

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறும்போது இருமலே வராமல் போகலாம். நீர் குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அவரோ அமைதியாக உட்கார்ந்திருப்பார். சில நாள் கழித்து நிமோனியா வந்த பிறகுதான் விஷயம் தெரியும். இதைப் படுக்கையருகிலேயே பிடித்துவிட முடியுமா என்றுதான் விழுங்கல் சிகிச்சையாளர்கள் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கிறார்கள்.

குரல்வளையின் அடியில் விரலுக்குத் தட்டுப்படும் வளையக் குருத்தெலும்பைத் தேடி, அதற்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் பக்கவாட்டில் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை வைக்க வேண்டும். விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும். ஒரு 'டக்', நீர் பாயும் சிறு இரைச்சல், இன்னொரு 'டக்', உடனே வெளிமூச்சு. அந்த வெளிமூச்சு சுத்தமாக இருக்கிறதா, களகளவென்று ஈரமாக இருக்கிறதா என்பதில்தான் பாதித் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதில்தான் தகராறு.

பழைய வழி, மூத்தவர் பின்னால் நடப்பது. அவர் கேட்டுவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை நீட்டுவார்; "கேட்டதா?" என்பார், நாம் தலையாட்டுவோம். கை பழக இதைவிட நல்ல பள்ளி இல்லை. தாடி உரசினால் மூச்சில் ஈரம் இருப்பதுபோலக் கேட்கும் என்பதை எந்தப் பதிவும் சொல்லித்தராது. ஆனால் மூத்தவர் தவறாகக் கேட்டிருந்தால் அந்தத் தவறும் நமக்குச் சொத்தாக வந்து சேரும். எனக்கு வந்து சேர்ந்தது. ஒரு முதியவரின் குறிப்பேட்டில் இரண்டு முறை நிமோனியா என்று எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் கழுத்தில் 'களகள'வைக் கேட்டோம். பிறகு எடுத்த எக்ஸ்ரே வீடியோவில் ஒரு சொட்டுக்கூட மூச்சுக்குழாய்ப் பக்கம் போகவில்லை. நாங்கள் கேட்டது கழுத்தை அல்ல, குறிப்பேட்டை.

இரண்டாவது வழி, பதிவுசெய்த ஓசைகளை மட்டும் கேட்பது. நோயாளி யார், என்ன நோய் என்று எதுவும் தெரியாது என்பதே இதன் பலம். 2004இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று இப்படித்தான் சோதித்தது: நலமானவர்கள் பத்துப் பேர், தவறான வழியில் நீர் போனது எக்ஸ்ரே வீடியோவில் உறுதியானவர்கள் பத்துப் பேர், மொத்தம் இருபது ஓசைகள். கேட்டவர்கள், கோளாறு உள்ளதைச் சரியாகக் கண்டது 62 சதவீதம். கோளாறு இல்லாததை இல்லையென்று சொன்னது 66 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் கேட்டவர்களின் பெரும்பான்மைத் தீர்ப்பை எடுத்துக்கொண்டால் அவை 80, 90 என்று ஏறின. அப்படியானால் ஓசையில் செய்தி இருக்கிறது. ஒற்றைக் காதுதான் அதைத் தவறவிடுகிறது. நூறு பதிவுகளைக் கேட்டாலும், எது சரி எது தவறு என்று யாரும் சொல்லாவிட்டால் அந்தக் காது தேறப்போவதில்லை.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: ஓசையோடு படம். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் கலந்த நீரை விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோவும் ஓசையும் சேர்த்துப் பதிவாகியிருக்க வேண்டும். மாணவர் முதலில் ஓசையை மட்டும் கேட்டுத் தீர்ப்பைத் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகே திரையைத் திறக்க வேண்டும். எழுதாமல் படத்தைப் பார்த்தால் "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று மனம் சமாதானம் சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: படமும் தானாகப் பேசுவதில்லை. அதைப் படிக்க, நீர் தவறான வழியில் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும், 1996இல் வந்த எட்டுப் படி அளவுகோல் இருக்கிறது. விடைத்தாளைத் திருத்துபவருக்கும் பயிற்சி வேண்டும்.

குறுக்குவழிக்காரர்கள் கேட்பது வேறு: காது எதற்கு, மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கிப் பார்க்கப் பழக்கிவிட்டால் என்ன? நியாயமான கேள்வி. கதிர்வீச்சு இல்லை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுபோகலாம், 1988இலிருந்து நடைமுறையில் உள்ள முறை. நோயாளிக்கு என்ன உணவு கொடுக்கலாம் என்ற முடிவைக் காதை மட்டும் நம்பி எடுக்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் விழுங்கும் அந்தக் கணத்தில் தொண்டை சுருங்கி, எண்டோஸ்கோப் திரை வெண்மையாகிவிடுகிறது. முன்னும் பின்னும் தெரியும், நடு தெரியாது. காது கேட்பது அந்த நடுவைத்தான்.

எக்ஸ்ரே வீடியோக் கருவி இல்லாத சிறிய மருத்துவமனைகள் பெரிய மையங்களிலிருந்து, நோயாளியின் பெயர் நீக்கிய ஓசை-பட ஜோடிப் பதிவுகளைக் கேட்டு வாங்கலாம். அவை வரும்வரை வேலை இல்லாமல் இல்லை. நலமான கழுத்துகள் முப்பதையாவது கேட்காதவரை நோயாளியிடம் என் மாணவர்களை அனுப்புவதில்லை. முதல் கழுத்து அவரவருடையது: ஒரு வாய் தண்ணீர், பிறகு ஒரு வாய் கஞ்சி. இரண்டும் ஒரே மாதிரி கேட்டது என்று சொல்பவர் வட்டைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்பேன்.