தினமும் எடை பார்ப்பதா, வாரம் ஒருமுறை பார்ப்பதா? ஏறி இறங்கும் எண்ணை வாசிக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

எடையைக் குறைக்கத் தொடங்கியவர்களுக்கு உணவைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் எப்படி ஒன்றோடொன்று முரண்படுகின்றனவோ, எடையை எப்படிப் பார்ப்பது என்பதைப் பற்றிய அறிவுரைகளும் அப்படியே முரண்படுகின்றன. தினமும் காலையில் பார்த்தே ஆக வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. தினமும் பார்த்தால் மனம்தான் கெடும், வாரம் ஒருமுறை போதும் என்கிறது இன்னொரு தரப்பு. தினமும் பார்த்தாலும் ஏழு நாள் சராசரியை மட்டுமே கணக்கில் கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. எடைக்கருவியையே ஓரங்கட்டிவிட்டு அளவு நாடாவை எடுக்கச் சொல்பவர்களும் உண்டு. உடற்கொழுப்பைக் காட்டும் மின்னணுக் கருவிகள் வந்த பிறகு ஐந்தாவதாக ஒரு வழியும் சேர்ந்துகொண்டது. உடலில் கொழுப்பு உண்மையிலேயே குறைகிறதா என்பதை இவற்றுள் எது சீக்கிரமாகவும், தவறான முடிவுக்குத் தள்ளாமலும் சொல்கிறது என்ற ஒரே அளவுகோலை வைத்து இங்கே பார்க்கலாம்.

முறைகளை ஒப்பிடும் முன், ஏறி இறங்குவது எது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பு இருக்கிறது. அன்றாடத் தேவையைவிட 500 கலோரி குறைவாக உண்ணும் ஒருவர் ஒரு நாளில் இழக்கும் கொழுப்பு சுமார் 65 கிராம்தான். வீட்டில் பயன்படுத்தும் மின்னணு எடைக்கருவிகளில் பல, 100 கிராமுக்கு 100 கிராம் என்ற படிகளில்தான் எண்ணைக் காட்டும். ஆக, ஒரு நாள் முழுவதும் ஒழுங்காக இருந்ததற்கான பலன், கருவியின் கடைசி இலக்கத்தைக்கூட அசைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. மறுபுறம், ஒரே இரவில் ஒரு கிலோ கூடியிருக்கிறது என்றால் அது கொழுப்பாக இருக்க வேண்டுமானால், அந்த நாளின் முழுத் தேவைக்கும் மேலாக இன்னும் 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். விருந்து நாளில்கூட அது எளிதல்ல.

அப்படியானால் அந்த ஒரு கிலோ என்ன? பெரும்பாலும் நீர், மிச்சம் குடலில் இருக்கும் உணவு. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் இது மொத்தம் அரை கிலோ அளவுக்கு இருக்கலாம், ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்தைச் சட்டென்று குறைக்கும் உணவுமுறைகளில் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ வரை இறங்குவதும், ஒரு நாள் பழைய உணவுக்குத் திரும்பியதும் அதில் பாதி ஏறிவிடுவதும் இந்தச் சேமிப்பு காலியாகி நிரம்புவதால்தான். உப்பின் கணக்கும் இதுபோன்றதே. உடல் தன் நீரில் உப்பின் அடர்த்தியைக் கறாராகக் காக்கிறது. மருத்துவமனைகளில் நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருப்பது அந்த அடர்த்தியை ஒட்டித்தான். வழக்கத்தைவிட நான்கைந்து கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும்வரை அரை லிட்டர் நீர் கூடுதலாகத் தங்கக்கூடும்.

இவற்றோடு, பழக்கமில்லாத கடும் உடற்பயிற்சிக்குப் பின் தசைகளில் ஏற்படும் வீக்கம், மலச்சிக்கல், பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களில் தங்கும் நீர் ஆகியவையும் எண்ணை மேலே தள்ளும். கீழே இழுப்பவையும் உண்டு. உறங்கும் நேரத்தில் மூச்சிலும் தோலிலும் மட்டுமே சில நூறு கிராம் குறைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பை முதன்முதலில் முறையாக அளந்தவர் இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராக இருந்த சாந்தோரியோ என்ற மருத்துவர். தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, உண்டதையும் குடித்ததையும் வெளியேறியதையும் பல ஆண்டுகள் நிறுத்துப் பார்த்து, 1614இல் தன் முடிவுகளை அவர் வெளியிட்டார். எடையை நாள்தோறும் பார்க்கும் பழக்கத்துக்கு நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது என்பது, அதை இக்காலத்து மனநோய் என்று ஒதுக்குபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

வாரம் ஒருமுறை: அமைதியானது, ஆனால் நம்பத்தகுந்ததா?

மிகப் பரவலான அறிவுரை இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம். நாளுக்கு நாள் ஏற்படும் ஏற்ற இறக்கம் குழப்புகிறது, ஆகவே வாரம் ஒருமுறை மட்டும் பாருங்கள் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வாரம் ஒருமுறை பார்ப்பதால் ஏற்ற இறக்கம் நீங்குவதில்லை. கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவே. ஏழு நாட்களில் ஏதோ ஒரு நாளின் எண்ணை, அது உச்சமா பள்ளமா என்று அறியாமலே, அந்த வாரத்தின் எண்ணாக ஏற்றுக்கொள்கிறோம்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒருவருடைய எடை நீரின் காரணமாக உண்மையான போக்கிலிருந்து 700 கிராம் மேலாகவோ கீழாகவோ விலகக்கூடியது என்று கொள்வோம். முதல் வாரம் அவர் பார்த்த நாள் பள்ளமாகவும் அடுத்த வாரம் பார்த்த நாள் உச்சமாகவும் அமைந்துவிட்டால், இடைப்பட்ட காலத்தில் 450 கிராம் கொழுப்பு கரைந்திருந்தும், கருவி ஏறத்தாழ ஒரு கிலோ கூடியதாகக் காட்டும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் அதைப் பார்த்து உணவை மேலும் குறைப்பார், அல்லது முயற்சியையே கைவிடுவார்.

அதற்காக இந்த முறையை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. நீண்ட காலத்துக்குத் தொடரக்கூடிய எளிமை இதற்கு உண்டு. இலக்கை அடைந்தபின் எடையைத் தக்கவைக்கும் கட்டத்துக்கு இது போதுமானது. ஒரே கிழமையில், காலையில் கழிவறை சென்றுவந்து, எதையும் உண்ணவோ குடிக்கவோ செய்யாமல், ஒரே மாதிரியான உடையில், கம்பளம் விரிக்காத உறுதியான தரையில் கருவியை வைத்துப் பார்த்தால் பிழை ஓரளவு குறையும். அப்போதும் இரண்டு வார எண்களை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. நான்கைந்து எண்களாவது சேர வேண்டும்.

தினமும் பார்த்தல்: கற்றுத்தருவது அதிகம், சோதிப்பதும் அதிகம்

தினமும் பார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் ஆதாயம், தன் உடலின் போக்கு பிடிபடுவது. உப்பு தூக்கலான இரவு உணவுக்கு மறுநாள் எண் ஏறுவதும், இரண்டே நாளில் தானாக இறங்குவதும் நான்கைந்து முறை கண்முன் நடந்துவிட்டால், ஆறாவது முறை ஏறும்போது பதற்றம் வராது. விடுமுறை நாட்களில் ஏறி, வேலை நாட்களில் படிப்படியாக இறங்கும் வாராந்தர ஓட்டம் பலருக்கு இருப்பதும் தினசரிக் குறிப்புகளில்தான் தெரியும். அடிக்கடி எடை பார்ப்பவர்கள் சராசரியாக அதிக எடையைக் குறைப்பதையும், குறைத்ததைத் தக்கவைப்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டாவது தக்கவைத்தவர்களைப் பின்தொடர்வதற்காக 1994இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பதிவேட்டில், ஏறத்தாழ முக்கால் பங்கினர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். முயற்சி பலிக்கும்போது கருவியில் ஏறும் ஆசை தானாகவே வரும் என்பதால், இதில் எது காரணம், எது விளைவு என்பதை முழுமையாகப் பிரித்துவிட முடியாது.

இதன் குறை, ஒவ்வொரு நாள் எண்ணும் ஒரு தீர்ப்பாக மாறிவிடுவது. எண் ஏறினால் மதிய உணவைத் தவிர்ப்பவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எண் இறங்கினால் தளர்ந்துவிடுபவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் நீர் இறங்கியதைக் கொழுப்பு இறங்கியதாக நம்பி, அன்றைக்குக் கூடுதலாக உண்பதே அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தின் இரண்டு கிலோவைப் பார்த்து, மாதத்துக்கு எட்டுக் கிலோ என்று கணக்குப் போட்டவர்தான், மூன்றாவது வாரத்தில் “எடை நின்றுவிட்டது” என்று புலம்புகிறார். நின்றது எதுவும் இல்லை. உண்மையான வேகம் இப்போதுதான் தெரிகிறது.

தினமும் பார்த்து, சராசரியை வாசித்தல்

என் மதிப்பீட்டில் மற்ற நான்கையும்விட மேலானது இதுவே. காரணம் எளிது: எத்தனை முறை அளக்கிறோம் என்பதும், எத்தனை நாளுக்கு ஒருமுறை முடிவெடுக்கிறோம் என்பதும் வேறு வேறு கேள்விகள், மேலே கண்ட இரண்டு முறைகளும் இவற்றை ஒன்றாகப் பாவிக்கின்றன, இந்த முறை பிரித்துவிடுகிறது.

புரிதலுக்காக அமைத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு. முதல் வாரத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை எடை இப்படி: 78.6, 78.2, 77.9, 78.1, 77.7, 77.9, 78.4. அடுத்த வாரம்: 78.2, 77.6, 77.5, 77.4, 77.8, 77.7, 77.9. வெள்ளிக்கிழமை மட்டும் பார்ப்பவருக்கு 77.7 என்பது 77.8 ஆகியிருக்கிறது; உழைத்த உழைப்புக்கு 100 கிராம் கூடுதல். வியாழக்கிழமை மட்டும் பார்ப்பவருக்கு 78.1 என்பது 77.4 ஆகியிருக்கிறது, ஒரே வாரத்தில் 700 கிராம் குறைந்த மகிழ்ச்சி. இரண்டுமே உண்மையல்ல. முதல் வாரத்தின் சராசரி 78.1, இரண்டாவது வாரத்தின் சராசரி 77.7, குறைந்தது ஏறத்தாழ 400 கிராம். உண்ட உணவின் கணக்கோடு ஒத்துப்போவதும் அதுதான்.

சராசரிக்கு ஏன் ஏழு நாள் என்றால், ஒவ்வொரு கிழமையும் அதில் சரியாக ஒருமுறை இடம்பெறுவதால் விடுமுறை நாள் ஏற்றம் எல்லாச் சராசரிகளிலும் சமமாகவே கலந்திருக்கும். ஐந்து நாளோ பத்து நாளோ எடுத்தால் அப்படி அமையாது. இன்றைய சராசரியை நேற்றைய சராசரியோடு ஒப்பிடாமல், ஏழு நாளுக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிட வேண்டும். இடையில் இரண்டு நாள் விட்டுப்போனால் குடி முழுகிப் போகாது. கூட்டல் வகுத்தல் அலுப்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: நேற்றைய போக்கு எண்ணுக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் போக்கு எண்ணில் சேர்ப்பது. போக்கு 78.0 ஆக இருக்கும்போது இன்று கருவி 79.0 காட்டினால் புதிய போக்கு 78.1 மட்டுமே, ஒரு கிலோ அதிர்ச்சி 100 கிராமாக அடங்கிவிடுகிறது. எடையைப் பதியும் கைபேசிச் செயலிகளில் சில இந்தக் கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. ஏழு நாள் சராசரி எப்போதும் மூன்று நாள் பின்தங்கியே இருக்கும். மாதவிடாய்ச் சுழற்சியால் வரும் ஏற்றம் ஒரு வாரச் சராசரியில் கரைந்துபோகாது. அதற்கு இந்த மாதத்தின் ஒரு வாரத்தை முந்தைய சுழற்சியின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

அளவு நாடாவும் கொழுப்புக் கருவியும்

அளவு நாடா நீரின் ஏற்ற இறக்கத்துக்கு அவ்வளவாக அசையாது என்பது அதன் பலம். எடைப் பயிற்சி தொடங்கியவர்களுக்குத் தசை கூடிக் கொழுப்பு குறையும்போது எடை அப்படியே நிற்கலாம். அந்த மாற்றத்தை இடுப்புச் சுற்றளவுதான் காட்டிக்கொடுக்கும். கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறை. நாடாவை இரண்டு விரல் மேலே வைத்தாலோ சற்று இறுக்கினாலோ எண் மாறிவிடும் என்பதாலும், வயிறு உப்பினாலும் எண் கூடும் என்பதாலும், மாதம் ஒருமுறைக்கு மேல் இதைப் பார்ப்பதில் பொருளில்லை. சராசரிக்குத் துணையாக இது நல்லது. தனியாக நின்றால் மிகவும் தாமதமானது.

உடற்கொழுப்பு விழுக்காட்டைக் காட்டும் கருவிகளைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. அவை கொழுப்பை அளப்பதில்லை. ஒரு பாதத்தில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மறு பாதத்தில் வாங்கி, இடையில் உள்ள மின்தடையை அளந்து, அதிலிருந்து உடல்நீரையும், அதிலிருந்து கொழுப்பையும் சமன்பாட்டின் மூலம் ஊகிக்கின்றன. உடலில் நீர் குறைந்தால் மின்தடை கூடும். கருவி அதைக் கொழுப்பு கூடியதாகப் புரிந்துகொள்ளும். வியர்த்துக் களைத்து, எடை குறைந்த நாளில் கொழுப்பு விழுக்காடு ஏறியிருப்பதைப் பார்த்துக் குழம்புபவர்களின் சிக்கல் இதுதான். எந்த நீரின் ஆட்டத்திலிருந்து தப்பிக்க இந்தக் கருவியை வாங்கினோமோ, அதே ஆட்டம் வேறு பெயரில் திரையில் வந்து நிற்கிறது.

யாருக்கு எது பொருந்தாது

உணவுக் கோளாறுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கும், காலையில் பார்த்த எண் அன்றைய மனநிலையையே தீர்மானித்துவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் தினசரி அளவீடு ஏற்றதல்ல; சராசரி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும் சரி. அவர்கள் எடை பார்ப்பதை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது. இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுபவர்களின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவர்களைத் தினமும் எடை பார்க்கச் சொல்வதே நீர் தேங்குவதைக் கண்டுபிடிக்கத்தான். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அதைச் சராசரியில் கரைத்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு மிஞ்சும் கேள்வி, சராசரியே அசையாமல் நின்றால் எப்போது எதையாவது மாற்றுவது என்பது. ஒரு வாரம் நின்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. நான்கு வாரம் நின்றால், பெண்களுக்கு ஒரு முழுச் சுழற்சி கடந்தும் நின்றால், அதை நீரின் தலையில் கட்ட முடியாது. எடை குறையக் குறைய உடலின் கலோரித் தேவையும் குறைவதால், தொடக்கத்தில் 500 கலோரியாக இருந்த இடைவெளி இப்போது சுருங்கியிருக்கலாம்; அளவுகள் கவனிக்காமலே கூடியும் இருக்கலாம். உணவின் அளவை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டிய நேரம் அப்போதுதான் வருகிறது.