ஹாம் ஹவுஸ் போகிறீர்களா, முதலில் ஆற்றைப் பாருங்கள்

லண்டன் ரிச்மண்ட் பக்கம் தேம்ஸ் கரையில் 1610-ல் கட்டிய மாளிகை, இப்போது பழைய கட்டிடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. ரிச்மண்ட் ஸ்டேஷனிலிருந்து 65-ஆம் நம்பர் பஸ் உண்டு, ஆனால் வெயில் அடித்தால் ஆற்றோரமாகவே நடந்துவிடுங்கள், அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். ஒன்று, கடல் ஏற்றத்தால் ஆற்று நீர் உயரும் பெரிய ஓதம் வரும் நாட்களில் கரைப் பாதையிலும் பக்கத்து கார் பார்க்கிலும் தண்ணீர் ஏறிவிடும், அதனால் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நான் பார்க்காமல் போய் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்!

உள்ளே அறைகள் மங்கலாகத்தான் இருக்கும், பழைய துணிகளும் திரைச்சீலைகளும் வெளுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த இருட்டு. எனக்குப் பிடித்தது பால் பண்டங்கள் வைக்கும் அறை. பளிங்குப் பலகைகளைத் தாங்கி நிற்பவை இரும்பில் வார்த்த மாட்டுக் கால்கள், குளம்பு உட்பட! அப்புறம் தோட்டம். லாவெண்டர் பாத்திகளை வேலி மாதிரி அளவெடுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள், ஜூலை வாக்கில் போனால் வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். திரும்பும்போது படகில் அக்கரைக்குப் போங்கள், மார்பிள் ஹில் என்ற இன்னொரு பழைய மாளிகை எதிரிலேயே இருக்கிறது.