3600 என்று அச்சிட்ட நான்கு ரேம்களும் சாட்ஸ்வர்த்தின் ஒரு பட்டறையும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில், வீட்டுக் கராஜையே பட்டறையாக்கிக் கணினி பழுது பார்க்கும் ஓர் இளைஞரிடம் சென்ற மாதம் என் கணினியை நான்கு நாள் விட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டறைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை, விளம்பரமும் இல்லை. கோயிலில் பிரசாத வரிசையில் முன்னால் நின்றவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிட்டு, செய்த வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன். பெட்டியில் 3600 என்று வேகம் அச்சிட்ட ரேம் (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை; அந்த எண் வினாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்பதைக் குறிக்கும்) 2133இல் ஓடுகிறது என்னும் சிக்கலோடு ஒரு கடைக்குப் போனால், ‘ரேம் கெட்டுவிட்டது, புதியது வாங்குங்கள்’ என்ற பதில் மிக எளிதாகக் கிடைத்துவிடுகிறது. இந்த இளைஞர் அந்தப் பதிலைச் சொல்லவில்லை.

என் கணினி ஆடம்பரமானதன்று. பி450 மதர்போர்டு, ஏஎம்டி ரைசன் 5 3600 பிராசஸர், தலா 8 ஜிபி கொண்ட டிடிஆர்4 ரேம் இரண்டு ஆகியவற்றைக் கொண்டு நானே கூட்டியது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பாடங்களையும், எய்ஸ்டெட்ஃபாட் கலைப்போட்டிக்காகப் பிள்ளைகள் பாடிப் பழகுவதையும் வீடியோவாக எடுத்துத் தொகுப்பதே அதன் வேலை. இந்த ஆண்டு 16 ஜிபி போதாமல் போகவே, அதே நிறுவனத்தின் அதே மாடல் எண்ணுள்ள இன்னொரு ஜோடியை ஒரு வணிக வளாகக் கடையில் வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டுகளிலும் செருகினேன். பிராசஸரின் பெயரிலும் 3600, ரேம் பெட்டியிலும் 3600. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதை எனக்கு விளக்கவே அந்த இளைஞருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 2133 என்று காட்டியதைப் புதிய ஜோடியைச் செருகிய அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். பழைய ஜோடியும் இத்தனை ஆண்டுகளாக அதே வேகத்தில்தான் ஓடியிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. காரணம் எளிமையானது. ரேம் பலகையில் எஸ்பிடி என்னும் சிறிய சில்லு ஒன்று இருக்கிறது. கணினி திறக்கும்போது மதர்போர்டு அதைப் படித்து, நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வகுத்த பாதுகாப்பான வேகத்தில் ரேமை ஓட்டத் தொடங்குகிறது. பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகமோ, இன்டெல் நிறுவனம் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்னும் கூடுதல் குறிப்பில் இருக்கும் வேகம். அதை நாமே பயாஸுக்குள் (கணினி திறக்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த அடிப்படை மென்பொருளுக்குள்) போய் இயக்கினால்தான் உண்டு. ஏஎம்டி போர்டுகளில் இதே வசதி டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்று வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருப்பதால், தேடுகிறவர் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

அதை இயக்கிய பிறகுதான் என் தொல்லை தொடங்கியது. மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், தானாக அணைந்து மறுபடி சுற்றும். மூன்று முறை இப்படித் தடுமாறிவிட்டு, நான் எதையுமே செய்யாதது போல 2133இல் திறந்துகொள்ளும். 2666இல் வைத்தால் திறந்தது. ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால் அதுவும் 2133க்கே இறங்கியிருக்கும். விற்ற கடைக்கு எடுத்துச் சென்றேன். முகப்பில் இருந்தவர் கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல், ரேம் பழுதாக இருக்கலாம், இல்லாவிட்டால் போர்டு பழையதாகிவிட்டது, இரண்டையும் மாற்றுவதே நல்லது என்று சொல்லி ஒரு விலைப்பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தார். நமது 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவில், குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கேட்கும் உரிமையைத் தருகிறது. அதைச் சொல்லி வாதாடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பொருளில் குறை இருக்கிறதா என்பதே தெரியாமல் எதைக் கொண்டு வாதாடுவது?

பட்டறையில் நடந்தது வேறு. (அந்த இளைஞர் பேசுவது ஆங்கிலம், இடையிடையே வீட்டுத் தமிழ் வரும். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.) கணினியை மேசைமேல் வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி ரேமைப் பற்றியதாக இல்லை.

“அங்கிள், ராத்திரி சுவரில் இருக்கும் சுவிட்சையும் அணைத்துவிடுவீர்களா?”

“ஆமாம் தம்பி, மின்வெட்டு விட்டு மின்சாரம் திரும்பும்போது எதுவும் எரிந்துவிடக் கூடாதே என்று அந்தப் பழக்கம்.”

“கணினியில் தேதி எப்போதாவது தப்பாகக் காட்டியதுண்டா?”

காட்டியதுண்டு. சில பதிவுகளின் கோப்புகளில் 2019 ஜனவரி 1 என்று தேதி விழுந்திருந்ததை நான் கேமராவின் குற்றம் என்று ஒதுக்கியிருந்தேன். அவர் போர்டிலிருந்து சிஆர்2032 பட்டன் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.4 என்று காட்டியது. சுவிட்ச் அணைந்திருக்கும் நேரத்தில் போர்டின் கடிகாரத்தையும் அமைப்புகளையும் தாங்கி நிற்பது அந்தப் பேட்டரிதான். அது சோர்ந்துபோனதால் காலைதோறும் பயாஸ் தன் நினைவை இழந்து தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2666இல் வைத்தது மறுநாள் 2133க்கு இறங்கியதன் மர்மம் ஒரு பட்டன் பேட்டரியில் தீர்ந்தது. அதை முதலில் பார்க்காமல் வேறு எதைச் சோதித்திருந்தாலும், கிடைத்த முடிவுகள் எல்லாம் குழப்பமாகவே இருந்திருக்கும்.

அடுத்து அவர் கடைப்பிடித்த வரிசைக்காகவே இந்த மதிப்புரையை எழுதத் தோன்றியது. பேட்டரியை மாற்றிய கையோடு, ரேமை 2133இலேயே வைத்துக்கொண்டு பயாஸைப் புதுப்பித்தார். ரைசன் போர்டுகளில் ரேமோடு ஒத்துப்போகும் தன்மை பயாஸ் பதிப்புக்குப் பதிப்பு முன்னேறி வந்திருக்கிறது என்பதால் அந்த வேலை அவசியம். ஆனால் தள்ளாடும் வேகத்தில் வைத்துப் பயாஸை எழுதினால் போர்டே போய்விடக்கூடும் என்பதால் வேகத்தை ஏற்றுமுன் செய்ய வேண்டும். பிறகு நான்கு ரேம்களையும் கழற்றி, தங்க முலாம் பூசிய முனைகளை ஐசோபுரோபில் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்தார். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அந்த முனைகளில் படலம் படிவது சாதாரணம் என்றார். நான் பல ஆண்டுகளாகப் பள்ளி ரப்பரால் தேய்த்து வந்தவன். அதைச் சொன்னபோது அவர் முகம் சுளித்தது எனக்கே சற்று வெட்கமாக இருந்தது.

துடைத்த நான்கையும் ஒவ்வொன்றாக, பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் மட்டும் செருகி, 3600ஐ இயக்கிப் பார்த்தார். நான்குமே திறந்தன. விற்ற கடை ‘பழுது’ என்று சொன்ன ரேமில் பழுதே இல்லை. பிறகு ஜோடி ஜோடியாக, இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் வைத்தார். இரண்டு ஜோடிகளும் 3600இல் ஓடின. அங்கேயே நிறுத்தாமல், நான் இத்தனை காலம் வைத்திருந்தது போலவே பழைய ஜோடியை முதலாவது, மூன்றாவது ஸ்லாட்டுகளுக்கு மாற்றிக் காட்டினார். அதே ரேம், அதே அமைப்பு, திரை கறுப்பு. இவ்வகைப் போர்டுகளில் பிராசஸரிலிருந்து வரும் தடம் அருகிலுள்ள ஸ்லாட்டைத் தொட்டுவிட்டுத் தொலைவிலுள்ள ஸ்லாட்டில் முடிகிறது. அருகிலுள்ளதில் மட்டும் ரேமை வைத்தால், மீதித் தடம் வெறும் வாலாகத் தொங்கி, வேகமான சமிக்ஞைகளைக் கலைக்கிறது. கையேட்டின் ஒரு பக்கத்தில் இது படமாகவே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

நான்கையும் ஒருசேர வைத்தபோதுதான் உண்மையான தடை எங்கே என்று தெரிந்தது. சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து, பழைய ஜோடியின் சில்லுகள் எஸ்கே ஹைனிக்ஸ் செய்தவை, புதிய ஜோடியின் சில்லுகள் மைக்ரான் செய்தவை என்று காட்டினார். மாடல் எண் ஒன்று, பெட்டி ஒன்று, 18-22-22 என்ற டைமிங்கும் (ரேமின் தாமதக் கணக்கும்) ஒன்று. உள்ளே இருப்பவை வெவ்வேறு. உற்பத்தியாளர்கள் ஒரு ஜோடியைச் சேர்த்துச் சோதித்துத்தான் அந்த ஜோடிக்கு வேகம் குறிக்கிறார்கள். இரண்டு ஜோடிகளை நாம் வீட்டில் கலந்தால் அந்த உறுதி நம்மோடு வராது. அதற்கும் மேலாக, ரைசன் 3000 வரிசைப் பிராசஸர்களுக்கு ஏஎம்டி அறிவித்திருக்கும் வேகமே இரண்டு ரேம்களுக்கு 3200, ஒற்றை ரேங்க் ரேம்கள் (சில்லுகள் ஒரே தொகுதியாக இயங்குபவை) நான்கு இருந்தால் 2933, இரட்டை ரேங்க் ரேம்கள் நான்கு இருந்தால் 2667தான். ஆக, நான்கு ரேம்களோடு 3600 என்பது யாரும் எனக்கு வாக்களிக்காத வேகம்.

ஆனாலும் அவர் முயன்று பார்த்தார். ரேமின் வோல்டேஜை 1.35இலிருந்து 1.38ஆகவும், பிராசஸருக்குள் ரேமை ஆளும் பகுதியின் வோல்டேஜை 1.1ஆகவும் வைத்தபோது 3600இல் விண்டோஸ் திறந்துவிட்டது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் அசையாமல், ரேமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் அடங்கிய யுஎஸ்பியைச் செருகினார். கால் மணி நேரத்துக்குள் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. திறந்துகொள்கிறது என்பதாலேயே சரியாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒரு நாள் தொகுத்த வீடியோ நடுவில் சிதைந்து நிற்கும், அப்போது யாரும் ரேமைச் சந்தேகிக்க மாட்டார்கள் என்றார். பிறகு படிப்படியாக 3466, 3333 என்று இறங்கி, 3200இல் நிறுத்தினார். அன்றிரவு முழுவதும் நான்கு சுற்றுச் சோதனை ஓடியது. ஒரு பிழைகூட இல்லை.

இரண்டு ரேம்களை மட்டும் வைத்து 3600, அல்லது நான்கையும் வைத்து 3200. இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டார். தலா 16 ஜிபி கொண்ட ஜோடி ஒன்றைப் புதிதாக வாங்கினால் 32 ஜிபியும் 3600ஆம் சேர்ந்தே கிடைக்குமே என்று நானே பணம் செலவழிக்க வழி சொன்னபோது, “வேண்டாம் அங்கிள், அந்த வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது” என்று மறுத்துவிட்டார். வீட்டில் ஒரே பாடத்தை மூன்று வகையிலும் ஏற்றுமதி செய்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: 2133இல் 31 நிமிடம், 3200இல் 27 நிமிடம், இரண்டே ரேம்களோடு 3600இல் 26 நிமிடத்துக்குச் சற்று மேல். 2133இலிருந்து ஏறியதுதான் ஏற்றம். ரைசனில் பிராசஸரின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால், அடிமட்ட வேகத்தில் விட்டுவைப்பது அங்கே கூடுதலாக வலிக்கிறது.

கட்டணம் 450 ராண்ட், பேட்டரிக்கு 40. கடை கொடுத்த விலைப்பட்டியலில் போர்டுக்கு மட்டும் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் வைத்துக்கொண்டார். நான் அழைத்தால் எடுப்பதில்லை, மாலையில் அவராகத்தான் அழைப்பார். ரசீது கேட்டபோது வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். வழக்கமான வேலை நேரம் என்று எதுவும் கிடையாது. அவருடைய தாயார் வீட்டில் இருந்தால் கராஜ் திறந்திருக்கும், கூடவே ஒரு கோப்பைத் தேநீரும் உண்டு.

இதே சிக்கலோடு எல்லாரும் அவரிடம் ஓட வேண்டியதில்லை. இன்டெல் பக்கம் எச்410, பி460 போர்டு வைத்திருப்பவர்களுக்குப் பழுது என்று தேட எதுவுமே இல்லை. கோர் ஐ5 பிராசஸரோடு அவை 2666க்கு மேல் ரேமை ஓட்ட விடுவதில்லை, அது அந்தச் சிப்செட்டின் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லின்) வரம்பு. பி560இல்தான் அந்தப் பூட்டு திறந்தது. சிபியு-இசட்டில் 1600 என்று பார்த்துவிட்டுப் பதறுகிறவர்களும் உண்டு. அது கடிகார வேகம், ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டால் 3200. டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 வாங்குவோர் நான்கு ரேம் ஆசையை இன்னும் கண்டிப்பாக அடக்க வேண்டும்: ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேம்களோடு 5200 என்று அறிவித்த ஏஎம்டி, நான்கு ரேம்களுக்கு 3600 என்றுதான் சொல்கிறது.

அவர் செய்த அமைப்புகளை ஒரு தாளில் எழுதித் தரவில்லை என்பது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். பயாஸை அடுத்த முறை புதுப்பிக்கும்போது அவை அழிந்துவிடும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் பயாஸ் திரையை ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து, மதர்போர்டின் கையேட்டுக்குள், அந்த ஸ்லாட் படம் இருக்கும் பக்கத்தில், அச்செடுத்துச் செருகி வைத்திருக்கிறேன்.