கிலாயிம் விதிப்படி ஒரு காய்கறித் தோட்டம்: ரெஹோவோட்டில் பெற்ற சேவை

ஆராய்ச்சிப் பணிக்காக இஸ்ரேலின் ரெஹோவோட் நகரில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் பின்புறம், நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு வெற்று நிலம் கிடந்தது. அதில் காய்கறி போடலாமா என்று கேட்டபோது, சமய நெறிகளைக் கறாராகக் கடைப்பிடிக்கும் வீட்டு உரிமையாளர் தாராளமாகச் சம்மதித்தார். ஆனால் விதைப்பவர் யாராயினும் நிலம் தம்முடையது என்பதால், பயிர்கள் கலந்து வளர்வதை அங்கே விட்டுவைக்கத் தமக்கு அனுமதியில்லை என்றும் கூறி, 'கிலாயிம்' எனப்படும், வெவ்வேறு வகைகளைக் கலப்பதைத் தடுக்கும் யூத சமய விதிகளின்படி வீட்டுத் தோட்டம் வடிவமைத்துத் தரும் ஒரு நாற்றுப்பண்ணையைக் காட்டினார். ஒருமுறை நேரில் வந்து அளந்து வரைபடம் தருவதற்கு 480 ஷெக்கல் வாங்கினார்கள். மரப்பெட்டிகளுக்கும் நாற்றுகளுக்கும் தனி விலை.

விவிலியத்தின் லேவியராகமம் 19:19 வயலில் இருவகை விதைகளைக் கலந்து விதைக்கக் கூடாது என்கிறது. உபாகமம் 22:9 திராட்சத்தோட்டத்துக்கு அதையே இன்னும் கடுமையாகச் சொல்கிறது. இவ்விரண்டு வசனங்களையும் விரித்து, யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் கிலாயிம் என்ற பெயரிலேயே ஒன்பது அதிகாரங்கள் கொண்ட ஒரு நூல் இருக்கிறது. வந்த வடிவமைப்பாளர் அந்த நூலை நன்கு அறிந்தவர் என்பது அவர் முதலில் எங்கே போய் நின்றார் என்பதிலேயே தெரிந்தது. நான் காட்டிய வெற்று நிலத்தை அவர் பார்க்கவே இல்லை. மூலையில் பந்தலேறியிருந்த ஒற்றைத் திராட்சைக் கொடியின் அடியிலிருந்து நாடாவை இழுத்து அளக்கத் தொடங்கினார். காய்கறிகள் மட்டும் தமக்குள் கலந்துவிட்டால் விதைத்ததும் விட்டுவைத்ததுமே குற்றம், விளைந்ததைச் சாப்பிடத் தடையில்லை. திராட்சையோடு கலந்தாலோ விளைச்சலை உண்ணவும் கூடாது, வேறு எவ்வகையிலும் பயன்படுத்தவும் கூடாது. ஆகவே ஒற்றைக் கொடியிலிருந்து ஆறு கையகலமாவது விலக வேண்டும் என்ற விதியோடு நிற்காமல், அவர் முழுதாக ஒரு மீட்டர் ஒதுக்கினார். கொடி இன்னும் படராத பந்தல் பகுதிக்குக் கீழேயும் விதைக்க வேண்டாம் என்று எச்சரித்தார். அந்த நிழலில்தான் கீரை போடலாம் என்று நான் நினைத்திருந்தேன். இந்த ஓர் எச்சரிக்கைக்கே கொடுத்த பணம் தகும்.

வடிவமைப்பின் மையம், மிஷ்னா மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் பாத்தி. ஆறுக்கு ஆறு கையகலமுள்ள பாத்தியில் ஐந்து வகை விதைக்கலாம்: நான்கு பக்கங்களிலும் நான்கு, நடுவில் ஒன்று. எங்கள் பெட்டியில் முள்ளங்கி, கேரட், கொத்தமல்லி, லெட்யூஸ் ஆகியவை பக்கத்துக்கு ஒரு வரிசையாகவும், நடுவில் ஒரே ஒரு முட்டைக்கோஸும் அமைந்தன. வரிசைகள் ஒன்றையொன்று தொடாதபடி மூலைகளைக் காலியாக விட்டார். வேர்கள் ஒன்றின் உணவை மற்றொன்று உறிஞ்சக் கூடாது என்பதும், பார்ப்பவர் கண்ணுக்கு வகைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதும் இதன் பின்னுள்ள இரண்டு எண்ணங்கள் என்று அவர் விளக்கினார். முளைப்பாரிச் சட்டியில் நவதானியத்தையும் ஒன்றாகத் தூவிப் பழகிய வீட்டில் பிறந்த எனக்கு, விதைப்பில் கலவையையே குற்றமாகக் காணும் இந்த மனப்போக்கு பிடிபடச் சற்று நேரம் ஆயிற்று.

கடுகு வேண்டும் என்றேன், மறுத்துவிட்டார். கடுகை மிஷ்னா காய்கறியோடு சேர்க்காமல் 'விதை' வகையில் வைப்பதால் இத்தகைய சிறு பாத்தியில் அதற்கு இடமில்லை என்றார். வெந்தயத்துக்கு மட்டும் சுவரோரம் தனியிடம் ஒதுக்கி, அதனுடன் ஒரு வேடிக்கையான விதியையும் சொன்னார். வெந்தயத்தின் நடுவே வேறு செடிகள் தாமாக முளைத்தால் களையெடுக்குமாறு யாரும் வற்புறுத்துவதில்லை. ஆனால் சிலவற்றை மட்டும் பிடுங்கி மற்றவற்றை விட்டுவைத்தால், விட்டவற்றை நீ விரும்பி வளர்க்கிறாய் என்று பொருளாகிவிடும் என்பதால், ஒரு வகையைத் தவிர எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்வார்களாம்.

குறைகள் இரண்டு. கையகலத்தை யூதச் சட்ட அறிஞர்கள் வெவ்வேறாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு கையகலம் 8 செ.மீ. என்ற ரப்பி ஹயிம் நாயேயின் கணக்கில் வரைபடம் வந்தது, பெட்டியும் 48 செ.மீ. பக்கத்தில் செய்யப்பட்டது, வீட்டு உரிமையாளரோ 9.6 செ.மீ. என்னும், ஹசோன் இஷ் என்ற மற்றோர் அறிஞரின் கணக்கைப் பின்பற்றுபவர், அவருக்கு அது 57.6 செ.மீ. இருக்க வேண்டும். எந்த அளவு வேண்டும் என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. பெட்டியை மாற்றித் தந்தார்கள், ஆனால் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் முதல் மழையும் பெய்துவிட்டது. இரண்டாவது குறையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது: மாற்றுப் பெட்டியோடு அன்பளிப்பாக வந்த விதைப் பொட்டலத்தில் லெட்யூஸ், ருக்கோலா, கடுகுக்கீரை மூன்றும் கலந்திருந்தன. அதை அப்படியே தூவியிருந்தால் தோட்டமே கிலாயிம் ஆகியிருக்கும். சமையலறை மேசையில் அமர்ந்து விதைகளைப் பிரித்துப் பார்த்துத் தோற்று, பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விளைச்சலைப் பொறுத்தவரை, நெருக்கி நட்டுப் பழகியவர்களுக்கு இடம் வீணாவதாகத் தோன்றும். வெங்காயத்தையும் கேரட்டையும் பின்னிப் பிணைத்து நடும் துணைப்பயிர் முறையை இங்கே மறந்துவிட வேண்டியதுதான். அழகுக்காக வளர்க்கும் பூச்செடிகளுக்குத் தடையில்லாததால் காலி இடங்களைத் துலுக்கச் செவ்வந்தியால் நிரப்பிக்கொண்டேன். காற்றோட்டம் கூடியதால் முள்ளங்கி நன்றாகவே திரண்டது.

சமய நெறியில் நடக்கும் ஒருவரின் நிலத்தில் பயிரிடுபவருக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சொந்த நிலத்தில் ஓரிரு வகை மட்டும் வளர்ப்பவருக்குத் தேவையில்லை. ஒன்று மட்டும் சேர்த்திருக்கலாம். எருசலேம் ஆலயம் இருந்த நாளில் யூத நாட்காட்டியின் அடார் மாதம் (பிப்ரவரி-மார்ச் வாக்கில்) முதல் தேதி கிலாயிம் பற்றி அறிவித்து, பதினைந்தாம் தேதி பயிர்களைப் பார்வையிட ஆள் அனுப்பினார்கள் என்கிறது மிஷ்னா. முளைத்து வளர்ந்த பிறகுதானே எது எதன்மேல் சாய்கிறது என்று தெரியும்? அடாரில் ஒருமுறை வந்து பார்ப்பதற்கு இவர்கள் தனியாக 150 ஷெக்கல் கேட்டாலும் கொடுப்பேன். என் கொத்தமல்லி இப்போதே முள்ளங்கிப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது.